கசிவுப் பட்டியலில் முதல் பெயர்

பேருந்து நிலையப் பலகையில் அன்றும் முதல் பெயர் சங்கரேஸ்வரியின் கடைதான். 'கசிவு: அமுதம் மெடிக்கல்ஸ், செவல்பாறை' என்று சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, ஆள் உயரத்துக்கு, ஊரின் சுற்றெண் 3.1. அரையாண்டு முடிய இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது.

அவள் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனாள். பலகைக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். வாய்விட்டு ஏதாவது சொல்லியிருந்தால் அவளும் பதில் சொல்லியிருப்பாள்.

சுழல்காசு வந்து ஆறு வருடமாகிறது. தீப்பெட்டி ஆலைகள் ஆளில்லாமல் ஓடத் தொடங்கிய பிறகு, செவல்பாறையில் சம்பளம் வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. ரேஷன், முதியோர் உதவி, ஆரம்ப சுகாதார நிலையத்து இலவச மாத்திரை என்று தனித்தனியாக இருந்ததையெல்லாம் ஒன்றாக்கி, மாதம் பிறந்ததும் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் உள்ள கைவில்லையில் வாழ்வுத்தொகை என்று அரசு ஏற்றிவிடும். அந்தக் காசுக்கு ஞாபகம் உண்டு. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனோம் என்பதைச் சுமந்துகொண்டே போகும். ஊருக்குள் ஒவ்வொரு கை மாறும்போதும் நூற்றுக்கு நாலு கருவூலத்துக்கு வரியாகத் திரும்பும். ஊர் எல்லையைத் தாண்டினால் வெறும் பணமாகிவிடும். ஞாபகம் அறுந்துபோகும்.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். மாவு மில்லில் கொடுத்த காசு தையல்கடைக்குப் போய், அங்கிருந்து சலூனுக்கும் கறிக்கடைக்கும் போனால், ஒரே ரூபாயில் பல வீட்டு அடுப்பு எரியும். கொடுத்த அரசுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். ஒரு ரூபாய் ஊரை விட்டுப் போவதற்கு முன் சராசரியாக எத்தனை கை மாறுகிறது என்பதுதான் சுற்றெண். அது நாலுக்குக் கீழே போனால் 'கசியும் ஊர்' என்று முத்திரை குத்தி, அடுத்த அரையாண்டுக்குத் தொகையைப் பாதியாக்கிவிடுவார்கள். ஒன்பதைத் தாண்டினால் 'சிறப்பு ஏற்பாடு' உண்டு என்று விதிப்புத்தகம் சொன்னது. செவல்பாறையில் யாரும் ஒன்பதைப் பற்றிக் கனவுகூடக் கண்டதில்லை.

சங்கரேஸ்வரியின் சங்கடம் இதுதான். செவல்பாறையில் மாத்திரை விளைவதில்லை. அவள் கல்லாவுக்கு வரும் நூறு ரூபாயில் எண்பத்தெட்டு மறுநாளே மதுரை மொத்த வியாபாரிக்குப் போய்விடும். கறிக்கடை ஆடு உள்ளூர் ஆடு. டீக்கடைப் பால் உள்ளூர்ப் பால். அவள் கடை ஒன்றுதான் ஊர்க் காசுக்கு வாசல் கதவு போலத் திறந்து கிடந்தது.

அன்று முதலில் வந்தவள் முத்துச்செல்வி, சந்தைப்பேட்டையில் பூக்கட்டுகிறவள். அவள் அப்பாவுக்கு ரத்த அழுத்தம். வழக்கமாக மாதத்துக்கு மூன்று அட்டை வாங்குவாள்.

"அஞ்சு மாத்திர மட்டும் தாங்கக்கா."

"அஞ்சு எத்தன நாளைக்கு வரும்?"

"ஒருநாள் விட்டு ஒருநாள் குடுத்தா பத்து நாளைக்கு வரும்ல." சொல்லிவிட்டுத் திரும்பித் தெருவைப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்ற ஒருவன் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "போன மாசம் எங்க தெருவுல யார் யாரு உங்க கடையில எவ்வளவு வாங்குனாங்கன்னு ஊர்ச் சுற்றுக்குழுக் கூட்டத்துல வாசிச்சாங்க. எங்கப்பா பேரையும் வாசிச்சாங்க."

சங்கரேஸ்வரி அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தாள். பதினாறு வருடமாக அந்தக் கடை நடத்துகிறாள். மாத்திரையை இப்படி விட்டு விட்டுச் சாப்பிடக்கூடாது என்று வாய் வரைக்கும் வந்தது. முத்துச்செல்விக்கு அது தெரியாததா?

பதினோரு மணிவாக்கில் ஞானதுரை வந்தார். மாவு மில்காரர், சுற்றெண்ணைக் கவனிக்கும் ஊர்ச் சுற்றுக்குழுவின் தலைவர். ஐம்பத்தெட்டு வயது. கெட்ட மனிதர் இல்லை. சங்கரேஸ்வரியின் கணவன் அவளை விட்டுப்போன வருடம், கடை வாடகைக்கு அலைந்தபோது ஜாமீன் நின்றவர் அவர்தான். எந்த மாதமும் தவறாமல் இரண்டாம் தேதி இன்சுலின் வாங்க வருவார். இன்று இரண்டாம் தேதி இல்லை.

"உக்காருங்க அண்ணாச்சி."

"இருக்கட்டும் தாயி." அவர் நின்றுகொண்டே பேசினார். "உன்கிட்ட ஒண்ணு கேக்குதேன். கோவிச்சுக்கிடாத. அரையாண்டு முடியிற வரைக்கும், கடைசிப் பத்து நாளு, கடையச் சாத்தி வச்சிரு."

அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள்.

"அவசரத்துக்கு வர்றவங்க?"

"அவசரம்னா ஆம்புலன்ஸ் வரும். பெரியாஸ்பத்திரியில உயிருக்கு ஆபத்துன்னா காசு கேக்கமாட்டாங்க. மத்தவங்க பத்து நாளு பொறுத்துக்கிடலாம். பாதியாக் கொறச்சுட்டாம்னா என்ன ஆகும்னு நெனச்சுப் பாரு. அப்புறம் யாரு உன் கடையில வந்து மாத்திர வாங்கப் போறா? அரிசிக்கே பத்தாது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளை மடக்கியது.

"பத்து நாள்ல எண்ணு நாலுக்கு மேல ஏறிருமா?"

"ஏத்திருவோம். ஒரு வழி வச்சிருக்கோம்." அவர் குழுவின் காகிதத்தை நீட்டினார். மூடச் சம்மதம் என்று அச்சடித்திருந்தது. "உன் கையெழுத்து இருந்தா, யாரும் உன்னய ஒரு வார்த்த சொல்ல முடியாது. நான் பாத்துக்கிடுதேன்."

அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கும்போது கேட்டாள்.

"உங்க ஊசி இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு, இருக்கு" என்றார் திரும்பாமலே.

பத்து நாளில் முதல் நாள், பழக்கத்தில் ஏழு மணிக்கே எழுந்து சாவியை எடுத்தாள். பிறகு வைத்தாள். கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவள் வீடு. அங்கே உட்கார்ந்து யார் யாருக்கு எப்போது மருந்து தீரும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வேண்டாமென்றாலும் நினைப்பு அங்கேயே போனது. வலிப்பு மாத்திரை சாப்பிடும் கொத்தனாருக்கு வெள்ளிக்கிழமை தீரும். தைராய்டு இருக்கும் டீச்சருக்கு நேற்றே தீர்ந்திருக்கும். யாரும் கதவைத் தட்டவில்லை. தட்டாமல் இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

நாலாம் நாள் அந்த 'வழி' என்னவென்று தெரிந்தது. கல்யாண மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் கடைக்காரர்கள், மற்றவர்கள் தெருவுக்கு இத்தனை பேர் என்று வந்தவர்கள். ஒருவர் தன் கைவில்லையைப் பக்கத்தில் இருப்பவரின் வில்லையில் வைப்பார். டிக் என்று ஒரு சத்தம். அவர் அடுத்தவருக்கு வைப்பார். என்ன பொருள் என்று வில்லை கேட்கும். மாவு, முடிவெட்டு, சட்டைப் பித்தான் என்று வாயில் வந்ததைச் சொல்வார்கள். மாவும் இல்லை, பித்தானும் இல்லை. காசு மட்டும் வட்டமாகப் போய்க்கொண்டிருந்தது.

சங்கரேஸ்வரி வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வரலாமா என்று கண்ணால் கேட்டாள். குழுவில் ஒருவர் எழுந்து வந்து, தயக்கத்துடன், "நீங்க வேணாம்க்கா. உங்க பேரு காசோட தடத்துல வந்தாலே பலகை கசிவுன்னு காட்டுது" என்றார்.

"ஒவ்வொரு டிக்குக்கும் நூத்துக்கு நாலு போகுதே. முப்பது சுத்து சுத்தினா கையில என்ன மிஞ்சும்?"

"இருபத்தொம்பது மிஞ்சும்" என்றார் அவர். கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார்கள். "ஒன்பதத் தாண்டுனா சிறப்பு ஏற்பாடு இருக்குல்லா. அடுத்த மாசம் ரெண்டு பங்கா வந்துரும்."

வட்டத்தின் நடுவில் ஞானதுரை நின்று எண்ணிக்கையைக் கூவிக்கொண்டிருந்தார். முகம் வற்றியிருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் பாட்டிலை எடுத்தார். சங்கரேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெயில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பாட்டில் கண்ணுக்குள் நின்றது. போன மாதம் இரண்டாம் தேதி அவர் வந்தாரா? வந்தார். இந்த மாதம்? நினைத்து நினைத்துப் பார்த்தாள். காகிதத்தோடு வந்த அந்த ஒரு நாளைத் தவிர அவர் கடைப் படி ஏறவேயில்லை.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பினாள். தெருமுனையில், பட்டியலில் முதல் பெயர்க்காரி தலைவர் வீட்டுக்குள் நுழைவதை நாலு பேர் பார்த்தால் அவருக்குத்தான் கெட்ட பெயர் என்று தோன்றியது. திரும்பிவிட்டாள். அந்தத் திரும்பலைத்தான் அவள் பிறகு பல நாள் நினைத்து நினைத்து வெந்தாள்.

ஏழாம் நாள் காலை எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஞானதுரையின் மனைவி எஸ்தர். செருப்பில்லாமல் நின்றாள்.

"அவுக எந்திரிக்கல. நேத்து பூரா வாந்தி. இப்பக் கூப்பிட்டா முழிக்காக, மறுபடி கண்ண மூடிக்கிடுதாக. மூச்சு ஒரு மாதிரி இழுக்கு."

"ஊசி போட்டாங்களா?"

எஸ்தர் அழத் தொடங்கினாள். "ஒண்ணாந் தேதியிலருந்து பாதி பாதியாப் போட்டாக. தலைவரே உன் கடையில வாங்குனா ஊரு என்ன சொல்லும்னாக. அஞ்சு நாளா சுத்தமா இல்ல."

சங்கரேஸ்வரி ஷட்டரைத் தூக்கினாள். அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. குளிர்பெட்டியிலிருந்து இன்சுலினையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் எடுத்துக்கொண்டு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஓடினாள்.

அவர் மூச்சில் அழுகிய பழ வாசனை வந்தது. கருவி எண் காட்டவில்லை. 'மிக அதிகம்' என்று மட்டும் காட்டியது. வழியில் வந்துகொண்டிருந்த ஆம்புலன்ஸின் டாக்டரைப் போன் திரையில் பிடித்து, அவர் சொன்ன அளவைப் போட்டாள். கதவோரம் அக்கம்பக்கத்தார் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் மெதுவாகக் கேட்டான்.

"இது பலகையில ஏறுமா?"

"விக்கல. சும்மாதான் குடுத்தேன்" என்றாள் அவள். அப்படிப் பதில் சொன்னதற்காக அந்த நிமிடமே தன்னை வெறுத்தாள்.

பெரியாஸ்பத்திரியில் ஞானதுரை ஐந்து நாள் இருந்தார். பிழைத்துக்கொண்டார். வலிப்பு மாத்திரை தீர்ந்த கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். முத்துச்செல்வியின் அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணியது. இவையெல்லாம் நடந்த அதே வாரத்தில்தான் பலகையில் எண் ஏறிக்கொண்டே போனது. எட்டு. பதினைந்து. இருபத்தாறு. அரையாண்டு முடிந்த அன்று மாலை 31 என்று நின்றது. மாநிலத்திலேயே முதல் இடம். பேருந்து நிலையத்தில் யாரோ வெடி போட்டார்கள். கசிவுப் பட்டியல் காலியாக இருந்தது. ஆறு வருடத்தில் முதல் முறையாக அவள் கடைப் பெயர் அதில் இல்லை. பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது, எதற்கென்று பிடிபடவில்லை.

இரண்டாவது வாரம் கருவூலத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பெயர் பிரணவ் குமார். நாற்பது வயதிருக்கும். கண்ணாடி போட்ட, மென்மையாகப் பேசுகிற மனிதர். மண்டபத்தில் ஊரைக் கூட்டினார்கள். ஞானதுரை முன்வரிசையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பங்கு எப்போது வரும் என்று கேட்கத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள்.

அதிகாரி வாழ்த்திவிட்டு ஆணையை வாசித்தார். "மற்ற ஊர்களில் ஒரு ரூபாய் நாலு கைகளில் வேலை செய்கிறது. செவல்பாறையில் முப்பத்தொரு கைகளில் வேலை செய்கிறது. ஆகவே மற்ற ஊர்களுக்குத் தரும் தொகையில் எட்டில் ஒரு பங்கே இவ்வூருக்குப் போதுமானது. சிறப்பு ஏற்பாடாக, செவல்பாறை இன்று முதல் தன்னிறைவு ஊராக அறிவிக்கப்படுகிறது. சுழற்சி குலையாமல் இருக்க எல்லைப் பூட்டு போடப்படுகிறது. இவ்வூர்க் காசு இனி வெளியே செல்லாது."

அர்த்தம் ஒவ்வொருவருக்கும் மெதுவாகத்தான் புரிந்தது.

ஞானதுரை எழுந்தார். நிற்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "சார், நாங்க தப்புப் பண்ணிட்டோம். அந்த எண்ணு பொய்."

"பொய்யா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் நின்ற சங்கரேஸ்வரி பேசினாள். "ஏழு நாளு இந்த ஊர்ல யாரும் எதுவும் வாங்கல சார். இங்க வட்டமா உக்காந்து காச மாத்தி மாத்திக் குடுத்தாங்க. ஒரு படி அரிசி விக்கல. ஒரு மாத்திர விக்கல."

பிரணவ் குமார் அவளைக் கவனமாகப் பார்த்தார். கோபப்படவில்லை. "எங்களுக்குத் தெரியும்மா. காசுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. எந்தப் பொருளும் நகரல, ஆனா குடுத்த நூறுல எழுபத்திரண்டு கருவூலத்துக்குத் திரும்பியிருக்கு. பொருள் செலவே இல்லாம வாழ்வுத்தொகை திரும்பி வந்த ஒரே ஊர் இதுதான். இதப் பொய்னு யாரும் அங்க சொல்லல. அடுத்த மாசத்திலருந்து இருநூறு ஊர்த் தலைவர்கள் இங்க வந்து கத்துக்கப் போறாங்க. முதல்ல எந்தக் கடைய மூடணும்னு அவங்க கேப்பாங்க. நீங்கதான் சொல்லித் தரணும்."

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை சங்கரேஸ்வரி இருப்பைக் கணக்கெடுத்தாள். இனி மதுரைக்குக் காசு அனுப்ப முடியாது. மதுரையிலிருந்து சரக்கும் வராது. மருந்துக்கு விதிவிலக்கு கேட்டு விண்ணப்பம் போட்டாள். பரிசீலிக்க மூன்று மாதம் என்று பதில் வந்தது. எஸ்தர் வந்து மாத்திரைகளைப் பிரித்துவைக்க உதவினாள். மறுநாளிலிருந்து, நோய் முற்றினவர்களுக்கு முதலில், ஆளுக்கு ஒன்று, காலை ஏழு மணிக்கு, காசில்லாமல் என்று இருவரும் முடிவு செய்தார்கள். தீர்ந்த பிறகு என்ன என்பதைப் பேசாமல் விட்டார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பிரணவ் குமார் கடைக்கு வந்தார். பயிற்சி முடியும் வரை ஆறு மாதம் அவர் இங்கேயே தங்க வேண்டும். தன்னிறைவு ஊரில் தங்குகிறவருக்குச் சம்பளமும் சுழல்காசில்தான்; அந்த விதியை எழுதிய குழுவில் அவரும் ஒருவர்.

"பிரஷர் மாத்திரை கொண்டுவர மறந்துட்டேன். ஒரு மாசத்துக்கு வேணும்" என்று மாத்திரையின் பெயரைச் சொன்னார். கைவில்லையை நீட்டினார்.

"விக்கிறதில்ல சார். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாங்க. இருந்தா ஒண்ணு கிடைக்கும்."

"இருந்தாவா?"

"அம்பத்தி ரெண்டு இருக்கு. உங்க ரகம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விதிவிலக்கு என்றோ, கருவூலத்துக்கு நானே எழுதுகிறேன் என்றோ இருக்கலாம். எவ்வளவு நாளாகும் என்பது அவருக்குத் தெரியும். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கியபோது வரிசை தெருமுனையைத் தாண்டிப் போயிருந்தது. ஞானதுரை இன்சுலினுக்கு முதல் ஆளாக நின்றார். அவருக்குப் பின்னால் தோளில் கட்டுடன் கொத்தனார். அடுத்து முத்துச்செல்வி, தகப்பனைத் தோளில் சாய்த்துப் பிடித்தபடி. பிரணவ் குமார் கடைசியில், சுவர் நிழலில் நின்றார். எட்டி எட்டிப் பார்த்து, உதடு அசைய, தனக்கு முன்னால் நிற்பவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தார். பாதி வரைக்கும் வந்ததும் நிறுத்தி, திரும்பவும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.